ஷேம் என்றால் பாவம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிவந்த முதல் மாதமே ஊரிலிருந்து போன். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, உடனே கிளம்பிப் போகவும் வழியில்லை. கண் வீங்கி வாசலில் நின்றவளிடம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து என்னவென்று கேட்டார். சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மெதுவாக, "ஷேம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. பெற்றவளை விட்டுவிட்டு வந்தாயே என்று குத்திக்காட்டுகிறாரோ? ஊரில் நான் அறிந்த ஷேம், துணியில்லாமல் ஓடும் குழந்தையைப் பார்த்துச் சொல்லும் "ஷேம் ஷேம்"தான். வெட்கக்கேடு, அவமானம். ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்காமலே போய்வந்தேன்.

அப்புறம் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு வீட்டில் குழந்தைக்குப் பேர் வைத்தார்கள். தொட்டிலைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் "ஷேம், என்ன அழகு!" என்று உருகுகிறார்கள். பிறந்து சில வாரமே ஆன பிள்ளைக்கு என்ன அவமானம்? அப்போதுதான் விளங்கியது. தென்னாப்பிரிக்காவில் கஷ்டத்தைக் கேட்டாலும் ஷேம், நாய்க்குட்டியைப் பார்த்தாலும் ஷேம். இரக்கமும் கொஞ்சலும் ஒரே சொல்லில். லண்டன் நாடாளுமன்றத்தில் "ஷேம்!" என்று கத்தினால் கண்டனம், ஆனால் அதே ஆங்கிலத்தில் "வாட் எ ஷேம்" என்றால் அடடா, இப்படி ஆகிவிட்டதே என்கிற வருத்தம். அந்த வருத்தத்தைத்தான் இந்த ஊர்க்காரர்கள் இன்னும் கனிய வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

யோசித்தால் நம்மிடமும் இதேதான். பாவம் செய்தவன் பாவி, கஷ்டப்படுகிறவனும் "பாவம்"! மழையில் நனையும் பூனைக்குட்டியைப் பார்த்து "ஐயோ பாவம்" என்கிறோமே, அது என்ன பாவம் செய்தது?

இதை ஆன்ட்டியிடம் சொன்னேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து இங்கே வந்த முதல் கூலிக் கப்பலான ட்ரூரோவுக்குப் பின்னால் வந்த ஏதோ ஒரு கப்பலில், கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வம்சம் அவர். தமிழ் அவருக்குச் சாப்பாட்டுப் பெயர்களும் சாமி பாட்டுமாக மட்டுமே மிஞ்சியிருக்கிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "எங்க ஆயா சொல்வாங்க" என்றார்.

போன வாரம் வீடியோ காலில் அம்மா வாக்கரைப் பிடித்து நடந்து காட்டினாள். ஆன்ட்டி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அய்யோஓ பாவோம்" என்றார், அவருடைய ஆயா இழுத்த மாதிரியே இழுத்து. அம்மா நின்று, அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.