பதினாறு வயதில் தடாகத்தை விட்டுக் கரையேறியவர்

நம் பழைய மாணவியர் சங்கத்தின் சிட்னிக் கிளை மலருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு நினைவுக் கட்டுரை தரும்படி செயலாளர் கேட்டபோது, நம் கல்லூரியின் வலைப்பந்தாட்ட அணியைப் பற்றியோ இல்ல மெய்வல்லுநர் போட்டிகளைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் எதிர்பார்த்திருப்பார். அவற்றை எழுதுவதற்கு என்னிலும் தகுதியானவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது, நம் கல்லூரி வாசலை ஒருநாளும் மிதிக்காத, ஆயினும் 1972 ஆம் ஆண்டு நம் விடுதிப் பிள்ளைகளின் வாயில் ஓயாமல் அடிபட்ட ஷேன் கூல்ட் என்ற அவுஸ்திரேலிய நீச்சல் வீராங்கனையைப் பற்றி.

அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நீச்சல் பேசப்பட்டதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதற்கு முந்திய ஆண்டுதான் வல்வெட்டித்துறை ஆனந்தன் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்து திரும்பியிருந்தார். குடாநாடு முழுவதும் அந்தப் பெருமையில் திளைத்திருந்தது. ஆனால் அது ஆண்களின் கதை. பெண் பிள்ளைகளாகிய நமக்கு நீச்சல் என்பது ஆண்டுக்கொரு முறை கீரிமலைக்குச் சென்று, பெண்களுக்கென்று ஒதுக்கிய கேணியில் பாவாடையை இறுக முடிந்துகொண்டு படியோரமாக முழுகி எழுவதாகவே இருந்தது. கல்லூரியில் தடாகம் கிடையாது. நீச்சலுடை அணிந்த ஒரு பெண்ணை நாம் கண்டதெல்லாம் பத்திரிகைப் படத்தில்தான். அந்தப் படத்தையும் வெட்டி, விடுதியின் அறிவித்தல் பலகையில் துணிந்து ஒட்டியவர் நம் உடற்கல்வி ஆசிரியை. விடுதிப் பொறுப்பாளர் இரண்டு நாள் அதைப் பார்த்தும் பாராதவர்போல் நடந்தார். மூன்றாம் நாள் அதற்குப் பக்கத்தில் தேவார வகுப்பு நேரசூசியை ஒட்டினார். படத்தைக் கிழிக்கவில்லை.

ஷேன் கூல்டிடம் நம்மை ஈர்த்தது அவருடைய வயதுதான். 1956 நவம்பர் 23 இல் சிட்னியில் பிறந்தவர். என்னைவிட ஒரு வயது மூத்தவர். நம் மேல்வகுப்பு அக்காமார் எவரையும் போல, காலையில் பாடசாலைக்குப் போய் மாலையில் வீட்டுப்பாடம் செய்யும் ஒரு பிள்ளை உலகத்தில் எல்லோரையும் முந்தி நீந்துகிறாள் என்பதை நம்புவதற்கே நமக்குச் சிலகாலம் பிடித்தது. குழந்தைப் பருவத்தில் குடும்பத்தோடு பீஜித் தீவுகளில் வாழ்ந்ததும், நன்றாகப் பேசத் தொடங்கும் வயதிலேயே கடலில் கண் திறந்து மூழ்கப் பழகியதும் பின்னாளில் நான் படித்தறிந்த செய்திகள். சிட்னிக்குத் திரும்பி, பதின்மூன்றாவது வயதளவில் ரைட் பகுதியில் ஃபோர்ப்ஸ் கார்லைல், அவர் மனைவி ஊர்சுலா ஆகியோரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தபோதே அவரது உண்மையான நீச்சல் வாழ்வு தொடங்கியது.

கார்லைலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அவர் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் உடற்றொழிலியல் கற்பித்தவர். பேராசிரியர் ஃபிராங்க் கொட்டனுடன் சேர்ந்து, நீந்துவோரின் இதயத்துடிப்பையும் களைப்பையும் அளந்து குறித்து, அந்தக் கணக்கின்மேல் பயிற்சியை அமைத்தவர். போட்டி நெருங்க நெருங்கப் பயிற்சியைப் படிப்படியாகக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுக்கும் முறை இன்று உலகெங்கும் உள்ளது; அதற்கு அடிகோலியவர்களில் இவர்கள் இருவரும் அடங்குவர். தடாகத்தின் ஓரத்தில் செக்கன் முள் மாத்திரம் பெரிதாகச் சுழலும் ஒரு மணிக்கூடு இருக்கும். நீந்துகிறவர் சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கியதும் தன் நேரத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம். பயிற்றுநர் கத்த வேண்டியதில்லை. அந்த மணிக்கூட்டைத் தடாகத்துக்குக் கொண்டுவந்தவரும் கார்லைல்தான் என்பார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில், நாம் சிட்னிக்கு வந்து ஹோம்புஷில் குடியேறிய காலத்தில், என் மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிச் சென்ற தடாகத்திலும் அப்படியொன்று இருந்தது. குளிரில் கம்பளிச் சட்டையோடு வாங்கில் உட்கார்ந்து, சிவப்பு முள் ஒரு சுற்று முடிப்பதற்குள் அந்தப் பிள்ளைகள் எத்தனை பேர் சுவரைத் தொடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு முழுச் சுற்றுக்குள் நூறு மீற்றரை முடிப்பதென்றால் என்னவென்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஏனென்றால் ஷேன் கூல்ட் அதை 1971 ஏப்ரல் 30 இல், பதினான்கு வயதில், இலண்டனில் செய்து காட்டினார். நூறு மீற்றர் சாதாரண நீச்சலை (ஃப்ரீஸ்டைல்) 58.9 செக்கனில் முடித்து, டோன் ஃப்ரேசர் 1964 இல் நிறுவிய உலக சாதனையைச் சமன் செய்தார். டோன் ஃப்ரேசர் மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் அதே நூறு மீற்றரில் தங்கம் வென்றவர். அவுஸ்திரேலியர் அவரைப் பற்றிப் பேசும்போது குரலே மாறும். அவருடைய நேரத்தை ஒரு பள்ளிச் சிறுமி தொட்டுவிட்டாள் என்பது இந்நாட்டில் எத்தகைய செய்தியாக இருந்திருக்கும் என்பதை இங்கே வாழ்ந்த பின்னரே என்னால் ஊகிக்க முடிகிறது. மறுநாளே 200 மீற்றர் சாதனை. ஜூலையில் 400 மீற்றர். டிசெம்பரில் 800 மீற்றரும் 1,500 மீற்றரும். 1972 ஜனவரி 8 இல் 58.5 செக்கனில் நீந்தி நூறு மீற்றர் சாதனையைத் தனக்கே உரியதாக்கிக்கொண்டபோது, நூறு முதல் ஆயிரத்து ஐந்நூறு வரை சாதாரண நீச்சலின் ஐந்து தூரங்களிலும் பெண்களுக்கான உலக சாதனை அவர் ஒருவரிடமே இருந்தது. ஒரு நிமிடத்துக்குள் முடியும் போட்டிக்கும் பதினேழு நிமிடம் நீளும் போட்டிக்கும் வேண்டிய உடல்வாகு வேறு, பழக்கம் வேறு. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், நூறு யார் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவரே மரதனையும் வென்றதற்குச் சமம்.

மியூனிச் ஒலிம்பிக் அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியில் தொடங்கியது. விடுதியில் இரவுச் செய்திக்கு மாத்திரம் வானொலி போட அனுமதி. அதில் நீச்சலுக்குக் கிடைப்பது அரை வசனம். மீதியைப் பத்திரிகை வரும்வரை காத்திருந்துதான் அறிய வேண்டும். ஓகஸ்ட் 28 இல் நான்கு வகை நீச்சலையும் ஒருவரே நீந்தும் 200 மீற்றர் தனிநபர் கலப்பு நீச்சலில் 2 நிமிடம் 23.07 செக்கனில் உலக சாதனையுடன் அவருக்குத் தங்கம் கிடைத்தது. அப்போட்டியில் இரண்டாவதாக வந்தவர் கோர்னேலியா எண்டர் என்ற பதின்மூன்று வயதுக் கிழக்கு ஜேர்மன் சிறுமி. அந்தப் பெயரை அன்று எவரும் பொருட்படுத்தவில்லை. மறுநாள் நூறு மீற்றரில் அமெரிக்கர் இருவர் முந்த, கூல்டுக்கு வெண்கலம். அவர் பெயரை வைத்துக் கேலி வாசகம் அச்சிட்ட சட்டைகளை அமெரிக்க அணியினர் அணிந்து திரிந்த கதையைப் பின்னர் படித்தேன். பதினைந்து வயதுப் பிள்ளையைக் கலங்க வைக்க அத்தனை பேர் சேர்ந்து மெனக்கெட்டதே அவருக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்பது என் எண்ணம். அவர் கலங்கவுமில்லை: ஓகஸ்ட் 30 இல் 400 மீற்றர், 4 நிமிடம் 19.04 செக்கன்; செப்டெம்பர் முதலாம் திகதி 200 மீற்றர், 2 நிமிடம் 3.56 செக்கன், இரண்டிலும் தங்கம், இரண்டும் உலக சாதனை. 3 ஆம் திகதி 800 மீற்றரில் அமெரிக்கரான கீனா ரொத்தம்மருக்கு அடுத்ததாக வந்து வெள்ளி பெற்றார்.

பொம்மைக் கங்காரு ஒன்றைப் பிடித்தபடி பரிசு மேடையில் அவர் நிற்கும் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும். மேடையில் நிற்பது ஒரு பிள்ளை என்பதை அந்தப் பொம்மை சொல்லிவிடுகிறது. ஆனால் விடுதியில் அன்று நாம் மகிழவில்லை என்பதே வேடிக்கை. ஐந்து தங்கம் எதிர்பார்த்திருந்தோம். மூன்றுதான் வந்தது என்று சலித்துக்கொண்டோம். “தனியாக ஐந்து பதக்கம் எடுத்த பிள்ளையைக் குறை சொல்லுறதுக்கு உங்களில் ஒருத்திக்காவது முழங்காலளவு தண்ணியில் நிக்கத் தெரியுமோ?” என்று ஆசிரியை கேட்டதோடு பேச்சு அடங்கியது. அவுஸ்திரேலியப் பத்திரிகைகளிலும் அந்தச் சலிப்பு இருந்ததாகப் பின்னாளில் படித்தேன். நீச்சல் போட்டிகள் முடிந்த மறுநாள், செப்டெம்பர் 5 இல், இஸ்ரேலிய வீரர்கள் பிணைக்கைதிகளாகப் பிடிக்கப்பட்ட செய்தி வந்தது. அதன்பின் பதக்கக் கணக்கைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

1973 பெப்ரவரியில் 1,500 மீற்றரை 16 நிமிடம் 56.9 செக்கனில் நீந்தி, அத்தூரத்தைப் பதினேழு நிமிடத்துக்குள் கடந்த முதற்பெண் என்ற பெயரையும் பெற்றார். அதே ஆண்டிலேயே, பதினாறு வயதில், போட்டி நீச்சலை விட்டு விலகினார். விடியற்காலைப் பயிற்சி, எங்கு போனாலும் கூட்டம், ஒவ்வொரு முறை தண்ணீரில் இறங்கும்போதும் உலக சாதனையை எதிர்பார்க்கும் ஒரு நாடு ஆகியவற்றால் ஏற்பட்ட அலுப்பு ஒருபுறம். பணம் பெற்றால் போட்டியிடும் தகுதியையே இழக்கவைத்த அன்றைய அமெச்சூர் விதிகள் மறுபுறம். பதினெட்டு வயதில் திருமணம் செய்துகொண்டு, மேற்கு அவுஸ்திரேலியாவின் மார்கரெட் ரிவர் பகுதிக்குச் சென்று, தோட்டமும் குதிரைகளும் கடலலைச் சறுக்கலுமாக நான்கு பிள்ளைகளை வளர்த்தார்.

அவர் திறமையை வீணடித்துவிட்டார் என்று சொல்வோர் இங்கே இன்றும் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. நம் கல்லூரியில் பதினாறு வயதில் விளையாட்டை விட்ட பிள்ளைகளை நான் அறிவேன். நம் பட்ச் பிள்ளைகளில் நன்றாக ஓடியவர்கள் அநேகமாக எல்லோருமே அந்த வயதில்தான் விட்டார்கள். சோதனை வருகிறது, பிள்ளை வளர்ந்துவிட்டாள், கால் தெரிய ஓடுவது சரியில்லை என்று வீட்டில் யாரோ ஒருவர் முடிவெடுப்பார், ஓடியவளைக் கேட்பதில்லை. கூல்டின் விலகலில் முடிவெடுத்தவர் அவரேதான். நீந்த வேண்டும் என்று ஒரு நாடே நெருக்கியபோது போதும் என்று சொல்வதற்கு, தொடர்ந்து நீந்துவதைவிடக் கூடிய துணிவு வேண்டும்.

அவர் விலகிய பின் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1973 இல் பெல்கிரேட் நகரில் நடந்த முதலாவது உலக நீச்சல் போட்டியில், பெண்களுக்கான பதினான்கு போட்டிகளில் பத்தைக் கிழக்கு ஜேர்மனி வென்றது; 1976 இல் மொன்ட்ரியலில் பதின்மூன்றில் பதினொன்று. மியூனிச்சில் எவரும் பொருட்படுத்தாத கோர்னேலியா எண்டர் மொன்ட்ரியலில் நான்கு தங்கம் பெற்றார். அந்தச் சிறுமிகளுக்கு அவர்கள் அறியாமலேயே அரச திட்டப்படி ஊக்கமருந்து கொடுக்கப்பட்டது என்பது பேர்லின் சுவர் இடிந்தபின் ஆவணங்களோடு வெளிவந்தது. கூல்ட் தொடர்ந்திருந்தால் அந்தப் பெண்களோடுதான் பத்தொன்பது வயதில் மோதியிருக்க வேண்டும். எனக்கு எண்டர்மீதும் இரக்கம்தான். அவரும் பள்ளிப் பிள்ளைதானே.

தண்ணீரோடு கூல்டுக்கு இருந்த உறவு அறுந்துவிடவில்லை. நாற்பது கடந்த பின் மூத்தோருக்கான போட்டிகளில் நீந்தி அங்கும் உலக சாதனை படைத்தார். 2000 செப்டெம்பரில் சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில், ஓட்ட வீராங்கனை கேத்தி ஃப்ரீமனின் கைக்குப் போகுமுன் தீபத்தை மைதானத்துக்குள் ஏந்திச் சென்ற பெண்களில் டோன் ஃப்ரேசரோடு அவரும் ஒருவர். 2018 இல், அறுபத்தொரு வயதில், ஆளில்லாக் கரையில் ஆட்களை விட்டுச் சோதிக்கும் ‘சர்வைவர்’ தொலைக்காட்சிப் போட்டியில் அரைவாசி வயதுக்காரரையெல்லாம் தாண்டி வென்றார். அது படமாக்கப்பட்டதும் பீஜியில்தான். அவுஸ்திரேலிய மக்களின் நீச்சல் பண்பாட்டை ஆராய்ந்து கலாநிதிப் பட்டமும் பெற்றிருக்கிறார். நம் பழைய மாணவியர் கூட்டங்களில் அறுபது வயதைக் காட்டி ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து நழுவும் சில தோழியரின் கவனத்துக்கு இதைக் கொண்டுவருகிறேன்.

இறுதியாக, விடுதிக் காலத்து வாதம் ஒன்று தீராமல் கிடக்கிறது. மியூனிச்சில் பெண்களுக்கு 1,500 மீற்றர் போட்டியே இல்லை. ஒலிம்பிக்கில் அன்று பெண்கள் நீந்திய மிக நீண்ட தூரம் 800 மீற்றர்தான். நம் கல்லூரிப் போட்டிகளில் நீண்ட ஓட்டமெல்லாம் பெண் பிள்ளைகளுக்கு ஆகாது என்று வைத்திருந்தார்களே, அதே நினைப்புத்தான் அங்கும். பெண்களுக்கான 1,500 மீற்றர் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது டோக்கியோவில், 2021 இல். அமெரிக்கரான கேட்டி லெடெக்கி 15 நிமிடம் 37.34 செக்கனில் வென்றதை நான் வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். 1972 இல் அப்போட்டி இருந்திருந்தால் நான்காவது தங்கமும் கூல்டுக்கே என்பது என் கட்சி. அந்தத் தூரத்தின் உலக சாதனை அப்போது அவர் கையில் இருந்தது. 1973 ஓகஸ்ட் வரை அவரிடமே இருந்தது. 800 மீற்றரில் ரொத்தம்மரிடம் தோற்றவர் அதன் இருமடங்குத் தூரத்தில் எப்படி வெல்வார் என்று அன்று என்னோடு மல்லுக்கு நின்ற இருவர் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறார்கள். அவர்கள் தம் மறுப்பை அடுத்த மலருக்கு எழுதலாம்.