384-ஆவது டிக்

ஜூலை 2
டூம் ஆட்டத்தின் முதல் லெவல் ஹேங்கர், அல்ட்ரா வயலன்ஸ் கடினநிலை, 11.17 நொடி. டிக் கணக்கில் 391. டூம் நொடிக்கு 35 டிக் ஓடும். லெவல் முடிந்ததும் வரும் திரை மிச்ச டிக்கை விட்டுவிட்டு முழு நொடியை மட்டும் காட்டும். 385 என்றால் 11. 384 என்றால் 10. ஏழு டிக் குறையணும். 18-ஆம் தேதி வீட்டுச் சாவியை ஒப்படைக்கிறோம்.

ஜூலை 3
நேராக ஓடினால் முன்னோக்கிய உந்துதல் 50. கூடவே பக்கவாட்டு ஸ்ட்ரேஃபையும் அழுத்தினால் அதன் 40-உம் சேர்ந்து கோணலாக 64 ஆகும். 28 சதவீதம் கூடுதல். இதுதான் எஸ்ஆர்40. போகிற பாதைக்கு ஏறக்குறைய 39 டிகிரி விலகிப் பார்த்தபடியே ஓடப் பழகணும். பக்கவாட்டும் 50 ஆகும் எஸ்ஆர்50-இல் 41 சதவீதம் கிடைக்கும், ஆனால் ஸ்ட்ரேஃப் விசையைப் பிடித்திருக்கும்வரை மவுஸ் திரும்பாது. வளைவு வந்தால் அவ்வளவுதான். இந்த லெவலுக்கு எஸ்ஆர்40 போதும்.

ஜூலை 5
பழைய கீபோர்டில் நான்காவது விசை பதிவாகவே இல்லை. உள்ளே விசைகள் வரிசையும் நிரலுமாகக் கட்டம் கட்டி இணைந்திருக்கின்றன. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலையை அழுத்தினால் நான்காவது மூலையும் அழுந்தியதுபோலத் தெரியும், அதனால் கீபோர்டே தடுத்துவிடும். ஸ்ட்ரேஃப் விசைகளை வேறு நிரலுக்கு மாற்றினேன். ஓட்ட விசையையும் விரலிலிருந்து எடுத்தாச்சு: பழைய டாஸ் பதிப்பில் அமைப்புக் கோப்பில் ஜாய்பி_ஸ்பீடு 29 என்று போட்டால் எப்போதும் ஓட்டம்தான். புது கீபோர்டுக்குச் சனிக்கிழமை சிம் லிம் கணினிக் கடைகளுக்குப் போகணும்.

ஜூலை 6
389. மழை.

ஜூலை 8
கதவு. கதவு. கதவு.

சாதாரணக் கதவு டிக்குக்கு 2 அலகு உயரும். ஆள் உயரம் 56. ஆக 28 டிக் காத்திருக்கணும், வேறு வழியே இல்லை. 27-ஆவது டிக்கில் மோதினால்தான் பெரிய நட்டம். மோதிய திசையில் இருந்த வேகம் முழுவதும் போய்விடும். உராய்வு ஒவ்வொரு டிக்கிலும் வேகத்தில் 90.6 சதவீதத்தைத்தான் மிச்சம் வைக்கும், அதனால் நின்ற இடத்திலிருந்து 90 சதவீத வேகத்தைப் பிடிக்கவே 24 டிக். கூட்டிப் பார்த்தால் ஒரு முட்டலுக்கு ஏறக்குறைய 10 டிக் காலி. ஏழு தேடுகிறவனுக்குப் பத்து! கதவைத் தட்டியதும் ஒட்டி நிற்காமல் பின்வாங்கி, அது திறக்கும் நேரத்துக்கு ஓட்டத்தோடு வந்து சேரணும். 28 எண்ணிப் பழகுகிறேன்.

ஜூலை 9
தம்பி கதவு திறக்கும் விசையான ஸ்பேஸை அழுத்திப் பிடித்தபடியே ஓடினான். "அண்ணே, கதவு திறக்கலையே." திறக்காது. ஒரு அழுத்தம் ஒரு முறைதான் எண்ணப்படும். தூரத்தில் வீணானால் கையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தணும். கை எட்டும் தூரம் 64 அலகு, ஆளின் நடுவிலிருந்து.

ஜூலை 10
387. பெட்டிகள் கூடத்தில்.

ஜூலை 11
பதிவு செய்யாமல் ஓடும்போது மவுஸ் வழுவழுப்பு, பதிவில் தடதடப்பு. ஓட்டம் பதிவாகும் டெமோ கோப்பில் ஒரு டிக்குக்கு 4 பைட்: முன், பக்கம், திருப்பம், பொத்தான்கள். திருப்பத்துக்கு ஒரே பைட், எனவே வட்டத்துக்கு 256 படிகள், படிக்கு 1.4 டிகிரி. பயிற்சியிலும் அதே 256 படியைத் தரும் ஷார்ட்டிக்ஸ் போட்டே ஓடணும், இல்லாவிட்டால் கை தப்பாகப் பழகும். பழைய பதிப்பைப்போலவே ஓட வைக்கும் அமைப்பு, அல்டிமேட் டூமுக்கு காம்ப்லெவல் 3.

ஜூலை 13
385. 385. 386. 385.

ஜூலை 14
ஒரே சிப்பாய் ஒரு ஓட்டத்தில் ஒதுங்குகிறான், அடுத்ததில் வழியை மறிக்கிறான். ஆட்டத்தின் தற்செயல் எல்லாம் 256 எண்கள் கொண்ட ஒரே அட்டவணை, ஒவ்வொரு பதிவும் அதன் தொடக்கத்திலிருந்து. அதே டிக்கில் அதே விசை என்றால் அதே விளைவு. ஒரு டிக் பிந்திச் சுட்டாலே வேறு எண் விழும். முதல் அறையை அச்சு மாறாமல் ஓடினால் அவன் எங்கே நிற்பான் என்பதும் மாறாது.

ஜூலை 15
தூக்கம் வரவில்லை. லெவலை முடிக்கும் கடைசி சுவிட்ச்.

கை எட்டுவது முகம் பார்க்கும் திசையில், ஓடும் திசையில் அல்ல! வலப்பக்கம் ஸ்ட்ரேஃப் செய்தால் முகம் பாதைக்கு இடப்புறம் பார்க்கும். 64 அலகு அகலச் சுவிட்சுக்கு நட்டநடுவாக வந்தால், 40 அலகு நெருங்கும்வரை கை பக்கத்துச் சுவரில்தான் படும். வலது ஓரமாக வந்தால் 50-லேயே படும். கதவுக்கு இது போதும்.

சுவிட்சுக்கு அப்புறம் ஓட வேண்டியதே இல்லையே. 64 அலகில் முகத்தை நேராக வெட்டித் திருப்பி அழுத்தினால்? 39 டிகிரி என்பது 28 படி, ஒரே டிக்கில் அடங்கும். ஆட்டம் முதலில் திருப்பத்தை எடுத்துவிட்டு அப்புறம்தான் அழுத்தத்தைப் பார்க்கும், அதனால் இரண்டும் ஒன்றாக விழலாம். உந்தம் எங்கும் போகாது. 40-க்கும் 64-க்கும் நடுவே 24 அலகு. எஸ்ஆர்40 டிக்குக்கு 21.

ஒரு டிக்குக்கு மேலேயே இருக்கிறது.

ஜூலை 16
திருப்பம் 25 படியில் நிற்கிறது. சென்சிட்டிவிட்டியை ஏற்றிவிட்டு மறுபடி. 386. 385. கை பழக இன்னும் ஒரு ராத்திரி இருக்கிறது. கணினியைக் கடைசிப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜூலை 17
28 படி விழுந்தது. சுவிட்ச் 60-இல். முதல் கதவு