கல்யாணத்தோடு நின்ற பத்தாம் வகுப்பை முடித்த கதை

ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அடுத்து கல்யாணம், பிள்ளைகள். பத்தாம் வகுப்புகூட இல்லையே என்று ஒவ்வொரு வேலையும் கைநழுவிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், பெண்கள் கல்விக்காக இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர் வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்தார்.

"வகுப்பு வச்சா எந்த நேரம் உங்களால வர முடியும்க்கா? அப்போ பிள்ளையை யார் பாத்துப்பாங்க?" என்றார். படிக்கச் சொல்லி அறிவுரை சொன்னவர்கள் நிறையப் பேர். இப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

தினமும் பள்ளிக்குப் போகாமலே படித்துத் தேர்வெழுத உதவும் திறந்தநிலைப் பள்ளியில் சேர்வதென்று முடிவானது. படிப்பதைவிடப் பதிவு செய்வதுதான் பெரும்பாடாக இருந்தது. டி.சி. தொலைந்திருந்தது. பழைய பள்ளிக்குப் போனால், "ரெஜிஸ்டரைத் தேடணும், அப்புறம் வாங்க" என்றே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நிறுவனத்தின் தன்னார்வலர் கூடவே வந்தார். சேர்ந்த ஆண்டு, நின்ற ஆண்டு, அப்பா பெயர் எல்லாம் எழுதி மனுவாகக் கொடுக்கச் செய்து, அதற்கு ஒப்புகையும் வாங்கினார். அதன்பிறகுதான் ரெஜிஸ்டரைத் திறந்தார்கள்.

அடுத்தது பெயர். பள்ளிப் பதிவில் அப்பா இனிஷியல், அடையாள அட்டையில் கணவர் பெயர். கல்யாணமான பெண்கள் பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போய்த் திரும்பிவிடுகிறார்கள். இரண்டும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணைத்தோம். விண்ணப்பம் பள்ளிப் பெயரிலேயே போனது.

வீட்டில் மாமியாருக்குத் தயக்கம். களப்பணியாளர் அவரிடமே போய் உட்கார்ந்து, "நீங்களும் வந்து பாருங்கம்மா" என்றார். அத்தை வந்தார். கடைசி வரிசையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு வகுப்பு முடியும்வரை இருந்தார். மறுநாளிலிருந்து நேரமாகிவிட்டது என்று என்னைக் கிளப்பிவிட்டதே அவர்தான்.

திறந்தநிலைப் பள்ளியில் எல்லாப் பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. கணக்கையும் ஆங்கிலத்தையும் அடுத்த தேர்வுக்கு ஒதுக்கினேன். பாடத்தைவிட என்னைப் படுத்தியது கைதான். பேனா பிடித்து வருடக்கணக்கானதால் இரண்டு பக்கம் எழுதுவதற்குள் விரல் மரத்துவிடும். ஆசிரியை பழைய வினாத்தாள்களைக் கொடுத்து, கடிகாரத்தை வைத்து முழுத் தேர்வாக எழுத வைத்தார். தேர்வில் எனக்குக் கைகொடுத்தது அந்தப் பயிற்சிதான்.

பாடத்துக்கு நடுவே ஆசிரியை மற்ற இடங்களில் நடந்த முயற்சிகளையும் சொல்வார். வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1985இல் 22 ஓரறைப் பள்ளிகளோடு தொடங்கியபோது, குடும்பங்களுக்குத் தோதான நேரத்தில்தான் வகுப்பு வைத்ததாம். 1993இல் ஜிம்பாப்வேயில் 32 சிறுமிகளின் படிப்புக்கு உதவித் தொடங்கிய கேம்ஃபெட் அமைப்பில், படித்து முடித்த பெண்கள் 1998இல் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்து, அடுத்த சிறுமிகளைத் தாங்களே தூக்கிவிடுகிறார்கள். ராஜஸ்தானில் 2007இல் தொடங்கிய எஜுகேட் கேர்ல்ஸ் என்ற தொண்டு நிறுவனம், உள்ளூர்த் தன்னார்வலர்கள் மூலம் வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்கு வெளியே இருக்கும் பெண் பிள்ளைகளைத் தேடுகிறது. 2025இல் அதற்கு மகசேசே விருது அறிவிக்கப்பட்டபோது எங்கள் வகுப்பில் எல்லாரும் கைதட்டினோம்.

இப்போது நானும் தன்னார்வலராகக் கணக்கெடுப்புக்குப் போகிறேன். புதிதாக வருகிறவர்களிடம் சொல்வது இதுதான்: சான்றிதழ் எந்தக் கல்வி வாரியத்துடையது, தேர்வுக் கட்டணம் யார் கட்டுவது என்று முதலிலேயே கேளுங்கள். நிறுவனம் தானே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழை வைத்து மேலே படிக்க முடியாது. அசல் ஆவணங்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டு, நகலை மட்டும் கொடுங்கள்.