பதினொரு மணிப் பசியும் ஒரு கிண்ணம் பயறும்

சென்ற ஆண்டு செய்துகொண்ட இரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112 என்றும், கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.2 என்றும் வந்தபோது எனக்கு வயது 46. அந்தச் சராசரி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5 ஆனால் நீரிழிவு என்று விளக்கிய மருத்துவர், மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், அரிசியைக் குறைத்துப் பயறு வகைகளைக் கூட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 13.6 கோடிப் பேர் இந்த முந்தைய நிலையில் இருப்பதாகக் கணக்கிட்டிருந்தது. இத்தனை பேர் உடன் இருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஆறுதல் ஏதும் கிடைக்கவில்லை.

தினமும் சாம்பார் வைக்கும் வீட்டில் பருப்புக்கு என்ன குறை என்றுதான் முதலில் நினைத்தேன். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்த அன்று அந்த நினைப்பு போயிற்று. நான்கு பேருக்கான சாம்பாரில் 100 கிராம் துவரம்பருப்பு, ஆளுக்கு 25 கிராம்; அதில் கிடைக்கும் புரதம் ஐந்து கிராமைச் சற்றே தாண்டும். தோல் நீக்கிய பருப்பு என்பதால் நார்ச்சத்தில் கணிசமான பகுதி ஆலையிலேயே போய்விட்டது. இட்லியில் உளுந்து இருக்கிறதே என்றால், நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பதே எங்கள் வீட்டு அளவு.

முதல் மாதம் நான் செய்த தவறு, வழக்கமான நான்கு இட்லியையும் உண்டுவிட்டு அதன்மேல் ஒரு கிண்ணம் சுண்டலையும் சேர்த்துக்கொண்டதுதான். சாப்பிடத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துக் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 185, 190 என்று முன்பு போலவே காட்டியது. எடையும் சற்றுக் கூடியது. பயறு மருந்தைப்போல வேலை செய்யும் என்று நான் எண்ணியிருந்தேன் போலும். இரண்டாம் மாதத்தில்தான் இட்லியை இரண்டாகக் குறைத்து, 50 கிராம் பாசிப்பயற்றை முந்தைய இரவே ஊறவைத்து வேகவைத்த சுண்டலை முதலில் உண்டு, இட்லியைப் பின்னால் தள்ளினேன். அதே ஒரு மணி நேர அளவு 145-க்கும் 155-க்கும் இடையில் நின்றது. இத்தகைய கருவி ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதம் வரை முன்பின் காட்டக்கூடும் என்பதால், எந்த உணவையும் மூன்று நாளாவது சோதித்த பிறகே குறிப்பேட்டில் முடிவெழுதினேன்.

ஆனால், எண்களைவிட என்னை வியக்கவைத்தது பசிதான். அலுவலகத்தில் பதினொரு மணி ஆனால் கை நடுங்காத குறையாகத் தேநீர்க் கடைக்கு நடந்து இரண்டு வடை தின்பது என் இருபது ஆண்டுப் பழக்கம். பயறு உண்ட நாள்களில் அந்த நேரம் வந்ததே தெரியாமல் கடந்துபோயிற்று. புரதமும் நாரும் இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்குவதும், குடல் சுரக்கும் நிறைவுணர்வு ஹார்மோன்கள் மூளைக்குப் போதும் என்று தெரிவிப்பதும், செரிக்காத நாரைப் பெருங்குடல் நுண்ணுயிரிகள் நொதிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுவதும் இதற்குக் காரணம் என்று பின்னர் படித்தறிந்தேன். டொரொண்டோ பல்கலைக்கழகத்தின் டேவிட் ஜென்கின்ஸ் குழுவினர், உணவுகளின் சர்க்கரை உயர்த்தும் திறனை 1981-இல் வரிசைப்படுத்தியபோதே பயறு வகைகள் கீழ்வரிசையில் இருந்தன. காலையில் மைசூர்ப்பருப்பு இனத்தை உண்டவர்களுக்கு மதிய உணவுக்குப் பிறகான உயர்வும் குறைந்ததை அவர்கள் 1982-இல் எழுதினர். என் மதிய அளவுகளும் சற்று இறங்கியிருந்தன. எனினும் வடையை விட்டதன் பங்கு அதில் எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது.

வயிற்று உப்புசத்தை மறைக்க விரும்பவில்லை. முதல் மூன்று வாரம் அலுவலகக் கூட்டங்களில் உட்காரவே அஞ்சினேன். பயற்றிலுள்ள, நம் நொதிகளால் செரிக்க முடியாத சில சர்க்கரைகள் பெருங்குடலில் நொதித்து வாயுவாகின்றன. ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைத்ததும், 50 கிராமிலேயே நிற்காமல் 20 கிராமுக்கு இறங்கி வாரந்தோறும் சிறிது சிறிதாக ஏறியதும் பலன் தந்தன. நவராத்திரி ஒன்பது நாளுக்கு உரிய பண்டத்தை ஆண்டு முழுவதும் அவிப்பதா என்று சலித்துக்கொண்ட என் தாயார்தான், கொண்டைக்கடலைக்குப் பெருங்காயத்தைச் சற்றுத் தாராளமாகப் போடத் தொடங்கினார். பெருங்காயத்தால்தான் குறைந்ததா என்று அவரிடம் நான் வாதிடவில்லை.

இன்னொரு சோதனையையும் செய்து பார்த்தேன். அதே 50 கிராம் பாசிப்பயற்றை அரைத்து, அரிசி சேர்க்காமல் அடையாக வார்த்து உண்டபோது, அதை மட்டும் சுண்டலாக உண்ட நாள்களைவிட ஒரு மணி நேர அளவு பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் கூடுதலாகவே இருந்தது. கருவியின் பிழைக்குள் அடங்கும் வித்தியாசம்தான் என்றாலும், காரணமில்லாமல் இல்லை: முழுப் பயற்றின் மாவுச்சத்து செல் சுவர்களுக்குள் அடைபட்டபடியே வேகிறது, அரைத்தால் அந்தச் சுவர்கள் உடைந்துவிடுகின்றன. ஒரு மணி நேரம் முன்னதாகவே பசித்ததும் அடை உண்ட நாள்களில்தான்.

ஆறு மாத முடிவில் எச்.பி.ஏ.1.சி. 5.8 ஆகியிருந்தது, எடை மூன்று கிலோ குறைந்திருந்தது. வெறும் வயிற்று அளவு மட்டும் 104-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. அது இரவில் கல்லீரல் வெளிவிடும் சர்க்கரையைச் சார்ந்தது, காலைச் சுண்டல் மட்டும் அதைச் சரிசெய்துவிடாது என்று கூறிய மருத்துவர், இரவு உணவை எட்டு மணிக்குள் முடித்து அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்குக்குக் குறிப்பேட்டில் புதுப் பக்கம் போட்டு ஒன்பது நாள் ஆகிறது.