கம்யூனிட்டி காலேஜில் கெமிஸ்ட்ரி: வேலையா, டிரான்ஸ்ஃபரா?

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அசோசியேட் பட்டம் தரும் உள்ளூர் காலேஜ்) கெமிஸ்ட்ரி படிக்கிறேன் என்றால் நம் ஆட்கள் பலருக்கு முகமே மாறிவிடும். யுனிவர்சிட்டியில் இடம் கிடைக்காதவர்கள் போகிற இடம் என்று ஒரு நினைப்பு. என்னைக் கேட்டால் முதல் இரண்டு வருடக் கெமிஸ்ட்ரிக்கு இது அருமையான இடம். பெரிய யுனிவர்சிட்டியில் ஜெனரல் கெமிஸ்ட்ரி வகுப்பில் சில நூறு பேர் உட்கார்ந்திருப்பார்கள், லேபைப் பெரும்பாலும் கிராஜுவேட் மாணவர்கள்தான் பார்த்துக்கொள்வார்கள். இங்கே பாடம் எடுத்தவரே பெரும்பாலும் லேபிலும் பக்கத்தில் நின்று, டைட்ரேஷனில் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் சோதனை) பிங்க் நிறம் கொஞ்சம் அடர்த்தியாகிவிட்டால் "மறுபடி பண்ணு" என்பார். கட்டணமும் குறைவு.

ஆனால் சேருவதற்கு முன்பே, முடித்ததும் வேலைக்கா, டிரான்ஸ்ஃபருக்கா (மீதிப் படிப்புக்கு யுனிவர்சிட்டிக்கு மாறுவதற்கா) என்று முடிவு செய்துவிட வேண்டும். நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏஏஎஸ் (அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயன்ஸ்) பட்டம், டிரான்ஸ்ஃபருக்கு ஏஎஸ் (அசோசியேட் ஆஃப் சயன்ஸ்). ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் ஏஏஎஸ்ஸில் படித்த பல பாடங்களை யுனிவர்சிட்டி கணக்கில் எடுக்காமலே போகலாம்.

டிரான்ஸ்ஃபர் என்றால் ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர், அப்புறம் ஆர்கானிக் இரண்டு செமஸ்டர், ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் உட்கார விடுவார்கள், அதனால் கணக்கில் பின்தங்கி முதல் செமஸ்டரில் கெமிஸ்ட்ரி எடுக்க முடியாமல் போனால் வரிசை முழுக்கத் தள்ளிப்போகும், அதுவும் ஆர்கானிக்கை வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் நடத்துகிற சின்ன காலேஜாக இருந்தால் ஒரு முழு வருடமே போச்சு. கூடவே கால்குலஸும், கால்குலஸ் வைத்து நடத்துகிற பிசிக்ஸும் வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் வருடத்து பிசிக்கல் கெமிஸ்ட்ரியில் திணற வேண்டியதுதான். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் காலேஜில் படித்த எந்தப் பாடம் எந்த யுனிவர்சிட்டியில் செல்லும் என்று அசிஸ்ட் (ASSIST) இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். நிபந்தனைகளைப் பூர்த்தி செய்தால் 6 யுசி (யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) வளாகங்களில் இடம் உறுதி தருகிற 'டேக்' (TAG) ஏற்பாடும் உண்டு. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் சான் டியாகோவும் அதில் சேராது.

சரி, வேலை? அசோசியேட் பட்டத்துக்கு நேராகக் கிடைப்பது கெமிக்கல் டெக்னீஷியன் வேலை. மருந்து, பெயிண்ட், உணவு, தண்ணீர் பரிசோதனை என்று எங்கெல்லாம் க்யூசி (தரப் பரிசோதனை) லேப் இருக்கிறதோ அங்கெல்லாம் ஆள் தேவைப்படும். சாம்பிளைத் தயார் செய்வது, எச்பிஎல்சி (கலவையில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கருவி) ஓட்டுவது, எல்லாவற்றையும் எழுதி வைப்பது. மருந்து லேபில் ஓர் எண்ணைத் தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, இனிஷியலும் தேதியும் போட வேண்டும், ஒயிட்னர் பக்கமே போகக் கூடாது. ஒரே டெஸ்டைத் திரும்பத் திரும்பச் செய்ய அலுக்காதவர்களுக்கு நல்ல வேலை, மற்றவர்கள் சீக்கிரமே ஓடிவிடுவார்கள். ஹூஸ்டன் பக்கத்துக் காலேஜ்களில் ப்ராசஸ் டெக்னாலஜி (ஆலைகளை இயக்கும் படிப்பு) படித்துவிட்டு ரிஃபைனரியில் ஆபரேட்டராகப் போகிறவர்களும் உண்டு, ஆனால் அது 12 மணி நேர ஷிஃப்ட், இரவிலும் வரும். 'கெமிஸ்ட்' என்ற பதவிக்குப் பெரும்பாலும் பேச்சலர்ஸ் கேட்பார்கள், ஆராய்ச்சியை நடத்தும் இடத்துக்கு பிஎச்டி.

விசாவில் வருகிறவர்கள் கவனியுங்கள். எஃப்-1இல் (மாணவர் விசா) அசோசியேட் முடித்தால் 12 மாத ஓபிடி (படிப்பு சார்ந்த வேலை அனுமதி) கிடைக்கும், ஆனால் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான 24 மாத ஸ்டெம் நீட்டிப்புக்கும் எச்-1பி வேலை விசாவுக்கும் அந்தப் பட்டம் போதாது. எச்-4இல் (எச்-1பியில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) தாராளமாகப் படிக்கலாம், வேலைக்குப் போக ஈஏடி (வேலை அனுமதி அட்டை) வேண்டும். இந்தியாவில் ஏற்கெனவே பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவர்கள் அந்தப் பட்டத்தை முதலில் இவால்யுவேஷனுக்கு (அமெரிக்கப் படிப்போடு ஒப்பிட்டு மதிப்பிடுவதற்கு) அனுப்பிப் பாருங்கள், மோல் கணக்கிலிருந்து மறுபடி ஆரம்பிக்கத் தேவையில்லாமலும் போகலாம்.