விழுந்த மரத்து இளநீர்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, நான் டெல்டாவில் ஒரு சிறிய மருத்துவமனையில் டயாலிசிஸ் டெக்னீஷியன்; சிறுநீரகம் வேலை செய்யாதவர்களின் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்யும் வேலை. புயல் வருவது சில நாள் முன்பே தெரிந்துவிட்டது. வெள்ளி, சனி வரவேண்டியவர்களை ஃபோன் போட்டு, புதன், வியாழனிலேயே வரவழைத்து முடித்து அனுப்பினோம். ஜெனரேட்டருக்கு டீசலும் வாங்கி வைத்தோம். சரி, சமாளித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

தண்ணீர்தான் எங்களை வாட்டியது. ஒருவருக்கு நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் வேண்டும், அதுவும் ஆர்.ஓ. என்ற சுத்திகரிப்புக் கருவியில் சுத்தம் செய்தது. ஆர்.ஓ. கழித்துத் தள்ளுவது தனி. போர் மோட்டாரும் ஆர்.ஓ.வும் மெஷினும் அந்த ஒரே ஜெனரேட்டரில்தான் ஓடின. டீசல் குறைந்ததும் டாக்டர் நான்கு மணி நேரத்தை இரண்டரையாகக் குறைத்தார். யாரையும் திருப்பி அனுப்பாமலிருக்க வேறு வழியில்லை. ஒருமுறை பாதியில் எல்லாம் நின்றுபோய், மெஷினின் ரத்தப் பம்ப்பைக் கையால் சுற்றி, குழாயில் நின்ற ரத்தத்தைத் திரும்ப அவர் உடம்புக்குள் ஏற்றினேன்.

வியாழக்கிழமை வந்துபோன பெரியவர் ஒருவரை மகன் திங்களன்று பைக்கில் கொண்டுவந்தார். வழியில் கிடந்த மரங்களை வெட்டி வெட்டி வந்திருக்கிறார்கள். பெரியவருக்குக் காலில் பலமே இல்லை. ஈ.சி.ஜி.யில் அலைகள் கூம்பு மாதிரி நின்றன, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியதற்கு அடையாளம்.

"என்னய்யா சாப்பிட்டீங்க?"

"கரண்ட் இல்ல, மோட்டார் ஓடல. தண்ணிக்கு எங்க தம்பி போறது? நம்ம தோப்புல விழுந்து கெடந்த எளநீதான், நாலு நாளா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது இதயத்தையே நிறுத்திவிடும். டாக்டர் கால்சியம் ஊசி போட, நான் மெஷினைத் தயார் செய்தேன். பிழைத்துக்கொண்டார்.

எப்போது வரவேண்டும் என்றெல்லாம் ஃபோனில் சொன்ன நான், எதைக் குடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. சாதாரண நாளில் நூறு முறை சொன்னதுதான். ஆனால் தோப்பே சாய்ந்து, குடிநீரும் இல்லாத வீட்டில் அவருக்கு வேறு என்ன இருந்தது?

அப்புறம் ஒவ்வொரு ஐப்பசியிலும், மழைக்கு முன்னால், கட்டில் கட்டிலாக உட்கார்ந்து பேசுகிறேன். மூடிபோட்ட குடத்தில் குடிநீர் பிடித்து வையுங்கள், மருந்துச் சீட்டை பிளாஸ்டிக் உறையில் போடுங்கள், நிவாரணத்தில் வாழைப்பழம் கொடுத்தால், அதிலும் பொட்டாசியம்தான், பேரப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள். இளநீர் பேச்சை எடுப்பதற்குள் பக்கத்துக் கட்டிலிலிருந்து அந்தப் பெரியவரே ஆரம்பித்துவிடுவார்.