நோர்வேயில் அடுத்தவர் காணிக்குள் நடக்கலாமா?

நோர்வேக்குப் புதிதாக வந்தவர்கள் காட்டோரத்தில் வேலியைக் கண்டதும் திரும்பிவிடுகிறார்கள். வேலியில்லாத புல்வெளியென்றால் நடுவால் நடக்கிறார்கள். இரண்டும் பிழை. வேலியை விடுங்கள், காணி எந்த வகை என்று பாருங்கள்.

1957ஆம் ஆண்டுச் சட்டப்படி காடு, மலை, சதுப்பு, கடலோரப் பாறை எல்லாம் ‘உத்மார்க்’. அது தனியார் காணியானாலும் ஆண்டு முழுவதும் யாரும் கால்நடையாகப் போகலாம். வீட்டு வளவு, பயிர்நிலம், புல் அறுக்கும் வயல், கன்று நட்ட காடு ‘இன்மார்க்’. நிலம் உறைந்தோ பனி மூடியோ இருந்தால் மட்டும் வயலைக் கடக்கலாம். ஏப்ரல் 30 முதல் ஒக்டோபர் 14 வரை அதுவும் இல்லை. வெறும் புல்லாகத் தெரிவது மாடுகளின் குளிர்காலத் தீனி; மிதிபட்டுச் சாய்ந்தால் ஒழுங்காக அறுக்க முடியாது. வீட்டு வளவுக்குள் பனிக்காலத்திலும் போகக்கூடாது.

150 மீற்றர் கணக்கைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது கூடாரத்துக்கு மட்டும்: ஆள் இருக்கும் வீட்டிலிருந்தோ ‘ஹிட்டா’ எனும் விடுமுறைக் குடிலிலிருந்தோ அவ்வளவு தள்ளி அடிக்க வேண்டும். இரண்டு இரவுக்கு மேல் தங்க உரிமையாளரின் அனுமதி தேவை. உயர்மலையிலும் குடியிருப்புக்கு வெகு தொலைவிலும் தேவையில்லை. நடப்பவருக்கு மீற்றர் கணக்கே கிடையாது, வீட்டாரின் தனிமையைக் கெடுக்காமல் ஒதுங்கிப் போக வேண்டும்.

நெருப்பு விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டோரத்திலும் தீ மூட்டத் தடை; தீப்பிடிக்கவே வாய்ப்பில்லாத இடம் மட்டும் விலக்கு. ஒருமுறை பாவிக்கும் கிரில்லும் இதற்குள் அடங்கும். மற்ற மாதங்களிலும் வெறும் பாறைமேல் மூட்டாதீர்கள். சூட்டில் பாறை வெடித்து ஏடு ஏடாகக் கழன்றுவிடும்; அந்த வடு அழியாது.

காணிக்காரருக்கும் உரிமை உண்டு. ஒழுங்கில்லாமல் நடப்பவரை அவர் வெளியேறச் சொல்லலாம், தன் தனியார் வீதியில் வாகனத்தைத் தடுக்கலாம். ஆற்றிலோ ஏரியிலோ மீன் பிடிக்கப் பெரும்பாலும் ‘ஃபிஸ்கெகூர்ட்’ எனும் மீன்பிடி அனுமதி அட்டை வாங்க வேண்டும். ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை நாயைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். மூடியிருந்த படலையைத் திறந்தால் உடனே மூடுங்கள். ஆடுகள் வெளியேறினால் நாள்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

ஆனால் உத்மார்க்கில் தக்க காரணமின்றி ‘பிரிவாட்’ (தனியார்) என்ற பலகை நட்டு வழிமறிக்கக் காணிக்காரருக்கு அதிகாரமில்லை. பலகையை நீங்களே பிடுங்க வேண்டாம். படமெடுத்து, இடத்தை வரைபடத்தில் குறித்துக் கொம்யூனுக்கு (உள்ளூராட்சிக்கு) எழுதுங்கள். அகற்றச் சொல்லி உத்தரவிட அவர்களால் முடியும்.